அம்மாவின் ஐடில் டைம்

கல்லூரியில் சேர்ந்த புதிதில், 2023-ல், ஆங்கில வகுப்பில் இலையுதிர் காலம் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். எழுதினோம். வகுப்பில் இருந்த அத்தனை பேர் நோட்டிலும் மேப்பிள் மரம் இருந்தது. சிவப்பும் மஞ்சளுமாக இலைகள் உதிர்ந்தன. அதன் மேல் நாங்கள் எல்லோரும் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு நடந்தோம். மயிலாடுதுறையைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்குள் வசிக்கும் நாங்கள்! அந்த மாதத்தில் உண்மையில் நாங்கள் நடந்தது சேற்றில், சுடிதார் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி. அதை ஒருத்தியும் எழுதவில்லை. நானும்தான்.

நம்மூரில் அப்படி ஒரு காலமே இல்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தமிழ் வகுப்பில்தான் தெரிந்தது, இருக்கிறது, பெயர்தான் வேறு என்று. ஆண்டை ஆறாகப் பிரித்த பழைய கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். இலை உதிராது, மழை உதிரும். தமிழ்நாட்டுக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி, சுமார் 44 சென்டிமீட்டர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. எங்களைப் போன்ற கடலோர மாவட்டங்களுக்கு அதைவிட அதிகம்.

இந்தக் கூதிர் காலத்தில் தமிழில் ரொம்பப் பிரபலமான பெண் யார் என்றால் ஒரு அரசி. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் வருபவள். மொத்தம் 188 அடிகள். போருக்குப் போன அரசனை நினைத்துக்கொண்டு அரண்மனைக் கட்டிலில் தூக்கம் இல்லாமல் இருக்கிறாள். அந்தப் பாட்டில் ஒரு இடம் எனக்கு மறக்கவே இல்லை. கோடையில் வீசிய விசிறியைச் சுருக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. எங்கள் வீட்டு ஹால் சீலிங் ஃபேனுக்கும் ஐப்பசியில் அதே நிலைமைதான், சிலந்தி உட்பட :-)

ஆனால் இந்தக் கட்டுரை அரசியைப் பற்றியது இல்லை. எங்கள் அம்மாவைப் பற்றியது. அம்மா டெய்லர்.

வீட்டு ஹாலில் ஒரு மோட்டார் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின். ஆடி கழிந்ததும் துணி வர ஆரம்பிக்கும். ஆவணி, புரட்டாசி முழுக்க அளவு பிளவுஸைச் சுற்றிய மஞ்சள் பைகளாக வாசல்வரை அடுக்கியிருக்கும். தீபாவளிக்கு முந்தின பத்து நாள் அம்மா படுப்பது இரவு 1 மணிக்கு. எங்கள் வீட்டில் அந்த நாட்களில் பேசுவதற்கு வாய் இருக்காது, வாயில் குண்டூசி இருக்கும். தீபாவளி அன்று காலை 7 மணிக்குக்கூட, தலையில் எண்ணெயோடு ஒரு அக்கா வந்து "கொக்கி மட்டும் வச்சுக் குடுத்துருங்கக்கா" என்று நிற்பார். அம்மாவுக்குப் புதுப்புடவை இருக்கும், தைத்த பிளவுஸ் இருக்காது. போன வருஷத்துப் பிளவுஸைத்தான் போட்டுக்கொள்வாள்.

தீபாவளிக்கு மறுநாள் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, ஒரு பழைய புடவையைப் போட்டு மூடுவாள். அன்றிலிருந்து கார்த்திகை தீபம் வரை அம்மாவின் கூதிர் காலம். நடுவில் ஒன்றிரண்டு கல்யாணப் பிளவுஸ் வரும், அவ்வளவுதான். மார்கழியில் பொங்கல் துணி வந்துவிடும். சில வருஷம் இது ரொம்பச் சின்னது. 2023-ல் தீபாவளி நவம்பர் 12, தீபம் நவம்பர் 26, ஆக பதினான்கே நாள். 2024-ல் அக்டோபர் 31-லிருந்து டிசம்பர் 13 வரை 43 நாள்.

அந்த நாட்களில் அம்மா என்ன செய்வாள்? பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் எத்தனை ஆசையாகச் செய்வாள் என்று சொல்ல வேண்டும்.

காலையில் ஆறரை வரை படுத்திருப்பாள். தூங்க மாட்டாள், சும்மா படுத்து மழையைக் கேட்பாள். எங்கள் வீடு பாதி ஓடு, பாதி தளம், கொல்லைப்புறம் தகரக் கூரை. "ஓட்டுல அரிசி கொட்ற மாதிரி கேட்டா தூறல். தகரத்துல பட்டாசு வெடிச்சா ஒரு மணி நேரத்துல விட்டுரும். ரெண்டும் ஒரே சத்தமா கேட்டா இன்னிக்கி உனக்கு லீவு" என்பாள். டிவியில் கலெக்டர் அறிவிப்பு வருவதற்கு முன்னால் பல தடவை அம்மா அறிவிப்பு சரியாக இருந்திருக்கிறது.

நாலு மணிக்குத் திண்ணையில் காபி. தீபாவளி முறுக்கில் உடைந்ததெல்லாம் அம்மாவுக்கென்றே ஒரு டப்பாவில் இருக்கும். நமுத்திருந்தாலும் பரவாயில்லை, காபியில் தோய்த்துச் சாப்பிடுவாள். செல்போனில் காரைக்கால் பண்பலை மெதுவாக ஓடும். தெருவில் சைக்கிளில் போகிறவர் குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து, "அந்தச் சட்டைக்குத் தோள் எறக்கம்" என்பாள். தொழில் புத்தி அந்த மட்டும் வேலை செய்யும்.

வாசல் ஓரம் டிசம்பர் பூச் செடி ஒன்று நிற்கிறது. பெயர்தான் டிசம்பர், எங்களுக்கு நவம்பரிலேயே பூத்துவிடும். ஊதா நிறம். வாசம் கிடையாது. கடைகளில் விலைக்கு வரும் மல்லிகையைவிட அம்மாவுக்கு இதுதான் பிடிக்கும். பறித்து நாரில் தொடுத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்து, மிச்சத்தைத் தானும் வைத்துக்கொள்வாள். "வாசம் இல்லாததுனாலதான் வைக்கிறேன். வாசப்பூன்னா ராத்திரி தலவலி" என்பாள். நான் கவிதையாக ஏதோ காரணம் எதிர்பார்த்தேன்!

மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பும். உடனே டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் விளக்கை வைப்பாள். நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருப்போம். கரண்ட் போனாலும் அப்படித்தான். மற்ற மாதங்களில் கரண்ட் போனால் மின்வாரியத்துக்கு நடக்கும் அர்ச்சனை, இந்த மாதங்களில் நடக்காது. வேலை செய் என்று யாரும் கேட்க முடியாத இருட்டு அம்மாவுக்குப் பிடிக்கும்.

இது எல்லாவற்றையும்விட முக்கியமானது வெட்டுத் துணி மூட்டை. வருஷம் முழுக்க மிஞ்சிய துண்டுத் துணிகளை ஒரு சாக்கில் சேர்த்து வைத்திருப்பாள். தீபாவளி முடிந்ததும் அதைத் தரையில் கொட்டி, ஒட்டுத் துணி விரிப்பு ஒன்று தைப்பாள். மெஷினில் இல்லை, கையில். "இது வளைகாப்புப் புடவை பிளவுஸ். அந்தப் பிள்ளை இப்ப நடக்குதாம்." "இது அந்த டீச்சரோடது. ரிட்டையர் ஆனப்ப கட்டிக்கிட்டாங்க." "இது ஓன் எட்டாங் கிளாஸ் பாவாடை." துண்டு துண்டாக எங்கள் தெருவின் சரித்திரம் அந்த விரிப்பில் சேரும். எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று ஒரு தடவை கேட்டேன். "யாருக்குத் தெரியும்? துணி தீர்ற வரைக்கும்" என்றாள். வருஷம் பூராவும் அடுத்தவர் அளவுக்கே தைக்கிறவள், அளவு இல்லாமல் தைக்கும் ஒரே துணி அது.

சரி, இப்போது என் சாதனைக்கு வருகிறேன்.

2024-ல் இரண்டாம் வருடம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஐடில் டைம் நடத்தினார்கள். சம்பளம் உண்டு, உற்பத்தி இல்லை என்கிற நேரம். அதைக் கேட்டதும் எனக்கு மூடி வைத்த மெஷின்தான் ஞாபகம் வந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். 43 நாள், தினம் 3 பிளவுஸ், பிளவுஸுக்கு 200 ரூபாய். ரூ.25,800! இத்தனை பணத்தை அம்மா திண்ணையில் உட்கார்ந்து காபியோடு குடித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. அப்பா லோடு வேன் ஓட்டுகிறார், மழைக்காலத்தில் சவாரி குறைவு. எனக்கோ டேலி வகுப்பில் சேர 6,500 ரூபாய் வேண்டும்.

தெரிந்தவர்கள் மூலம் ஒரு ரெடிமேட் கடையில் பேசி ஆர்டர் பிடித்தேன். 300 நைட்டி. வெட்டிய துணி அவர்களே தருவார்கள், தைத்துக் கொடுத்தால் ஒன்றுக்கு 25 ரூபாய். மொத்தம் 7,500. சாமர்த்தியமான பெண் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா மட்டும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "டேலிக்கா? சரி, எடுத்துட்டு வரச் சொல்லு" என்றாள்.

நவம்பர் முதல் வாரம் மூட்டைகள் வந்து இறங்கின. துணியில் ஈரம் படக்கூடாது என்று ஹாலில் கொடி கட்டுவதை நிறுத்தினோம், எங்கள் துணிகள் சமையலறையில் புகை வாசத்தோடு காய்ந்தன. மழைக்குக் கரண்ட் போகும், வந்ததும் ராத்திரி பதினொரு மணிக்கு மெஷின் ஓடும். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அதற்கு முந்தின நாட்களில் எங்கள் பக்கம் நல்ல மழை. எனக்கு விடுமுறை. போர்த்திக்கொண்டு படுத்து ஓட்டுச் சத்தத்தைக் கேட்கப் பார்த்தேன். மெஷின் சத்தம்தான் கேட்டது.

டிசம்பர் 13, கார்த்திகை தீபம். எப்போதும் அம்மா வெல்லப்பாகு காய்ச்சிப் பொரி உருண்டை பிடிப்பாள். அன்றைக்குக் கடையில் வாங்கி வந்தேன். பகலெல்லாம் மழை, விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் விட்டிருந்தது. வாசலில் அகல் விளக்கை அடுக்கிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றவள், தெருவைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"மழை எப்படி நின்னுச்சு?"

அவ்வளவுதான் கேட்டாள். புகாராகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். ஓட்டையும் தகரத்தையும் வைத்துக் கலெக்டருக்கு முன்னால் லீவு விடுகிறவளுக்கு அன்று மழை நின்றது தெரியவில்லை. டிசம்பர் பூச் செடிக்குக் கீழே பறிக்காத பூவெல்லாம் உதிர்ந்து சேற்றில் ஊதாவாகக் கிடந்தது. என் ஆங்கிலக் கட்டுரையில் நான் எழுதிய இலையுதிர் காலம் எங்கள் வாசலிலேயே வந்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்தது ஒன்றும் சந்தோஷமாக இல்லை.

மிச்சத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மூன்று தடவை நடந்த பிறகு ஜனவரியில் பணம் வந்தது. 20 நைட்டி தையல் கோணல் என்று கழித்து 7,000 கொடுத்தார்கள். 500 ரூபாய் போனதைவிட "கோணல்" என்ற வார்த்தைதான் அம்மாவைப் படுத்தியது. இருபதையும் பிரித்துப் பார்த்துவிட்டு, "நாலுதான்டி கோணல்" என்றாள். அதே மாதம் கண்ணாடி பவர் மாறியது. புதுக் கண்ணாடி 1,400. டேலி கட்டணம் போக கையில் இருந்தது 500. ஆக என் திட்டத்தின் நிகர லாபம் மைனஸ் 900. வெட்டுத் துணி மூட்டை அப்படியே கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

ஏப்ரலில் பரீட்சைக்குப் படிக்கும்போது அதே ஐடில் டைம் பாடம். இந்தத் தடவை முழுசாகப் படித்தேன் (போன தடவை பாதியில் மெஷின் ஞாபகம் வந்துவிட்டதே). ஐடில் டைமில் இரண்டு வகை உண்டு. மெஷின் கெட்டுப்போவது, வேலைநிறுத்தம், மூலப்பொருள் வராமல் போவது மாதிரி எதிர்பாராதவை அசாதாரணமானவை, அவை தனியாக நஷ்டக் கணக்குக்குப் போகும். இன்னொரு வகை சாதாரணமானது. மெஷினைத் தயார் செய்யும் நேரம், டீ குடிக்கும் நேரம், உடம்பு அசதிக்கு ஓய்வு எடுக்கும் நேரம். இவை தவிர்க்க முடியாதவை, இருந்துதான் தீரும். இவற்றின் செலவைப் பொருளின் அடக்கவிலையிலேயே சேர்த்துவிட வேண்டும்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நான் அம்மாவின் கூதிர் காலத்தை முதல் வகையில் போட்டுவிட்டேன். அது இரண்டாவது வகை. மூன்று மாதம் ராத்திரி 1 மணி வரை தைத்த உடம்பின் ஓய்வு. அதற்கான செலவு நைட்டியில் வரக்கூடாது, தீபாவளி பிளவுஸின் விலையிலேயே வந்திருக்க வேண்டும். தப்பு மூடிவைத்த மெஷினில் இல்லை, நாலு வருஷமாக ஏற்றாத கூலியில் இருந்தது.

2025 ஆடியில் அம்மாவோடு சண்டை போட்டேன். லைனிங் பிளவுஸ் 200-ஐ 230 ஆக்கு என்று.

"முப்பது ரூவாயா? யாரும் வரமாட்டாங்கடி. மூணாவது தெருவுல 190-க்குத் தைக்கிறாங்க."

"நூல் வெல ஏறிருக்கு, லைனிங் துணி ஏறிருக்கு. ஓன் கூலி மட்டும் ஏன்ம்மா ஏறக்கூடாது?"

"கேக்கறவங்களுக்கு என்ன பதில் சொல்றது? ஐப்பசியில படுத்துக்கப் போறேன், அதுக்கு முப்பது ரூவான்னா?"

அப்படியே சொல்லு என்றேன். சொல்லவில்லை. நான்தான் அட்டையில் எழுதி மெஷினுக்கு மேலே மாட்டினேன். ஐந்து பேர் வேறு இடத்துக்குப் போனார்கள், அதில் இரண்டு பேர் கழுத்து சரியில்லை என்று திரும்பி வந்தார்கள். கோடி வீட்டு அத்தை மட்டும் இன்னமும் என்னைப் பார்த்தால், "வாம்மா கணக்குப்பிள்ள" என்கிறார். தீபாவளிக்குள் 260 பிளவுஸ் போனது. முப்பது முப்பதாக ரூ.7,800. நைட்டி முழுசையும் ஒத்துக்கொண்டிருந்தால்கூட 7,500-தான் என்பதைத் தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டு வருகிறேன் :-)

அந்த ரெடிமேட் கடையிலிருந்து மறுபடி ஆள் வந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். "இப்ப முடியாதுங்க, மார்கழி கழிச்சுப் பாப்போம்" என்று அம்மா சொன்னாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. வருகிற வேலையை வேண்டாம் என்று அம்மா சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கடைசியாக ஒன்று. எங்கள் ஊரில் ஐப்பசி முழுக்கக் காவிரியில் துலா ஸ்நானம் விசேஷம். கங்கை முதலான எல்லா நதிகளும் அந்த மாதம் துலாக்கட்டத்துக்கு வந்து சேர்கின்றன என்று நம்பிக்கை. கடைசி நாள் கடைமுழுக்கு, கூட்டம் நெரியும். அதற்கு மறுநாள், கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு. நடக்க முடியாத ஒருவர் எங்கிருந்தோ ஐப்பசிக்குள் வந்துவிட வேண்டும் என்று கிளம்பி, ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தாராம். மாயூரநாதர் அவருக்காக இன்னொரு நாளைச் சேர்த்துக் கொடுத்தார் என்பது கதை. அம்மா வருஷா வருஷம் போவது அந்த நாளில்தான். கூட்டம் இருக்காது என்பாள். 2024-ல் போகவில்லை, மூட்டை இருந்தது.

2025-ல் நானும் கூடப் போனேன். விடிந்தும் விடியாத நேரம், தூறல், தண்ணீர் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. படியில் நின்று கால் வைக்கவே எனக்கு உதறியது. அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை முங்கி எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எறங்குடி, லேட்டா வந்தவங்களுக்குத்தான் இந்த நாளே" என்றாள். அவள் என்னை நினைத்துச் சொல்லவில்லை, கதையைத்தான் சொன்னாள். நான் இறங்கினேன்.

இந்த மே மாதத்தோடு எனக்குப் படிப்பு முடிகிறது. வேலை சென்னையிலோ கோவையிலோ கிடைக்கும். மாதச் சம்பளக்காரிக்குக் கூதிர் காலம் எந்த மாதத்தில் வரும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் பெட்டியில் எடுத்துப் போக ஒன்று தயாராக இருக்கிறது. இரண்டு வருஷத்து வெட்டுத் துணியும் சேர்ந்ததால், இந்தத் தடவை விரிப்பு ரொம்பப் பெரிதாகிவிட்டது. ஓரத்தில் ஒரு நைட்டித் துணித் துண்டும் இருக்கிறது. நீல நிறத்தில் வெள்ளைப் பூ.

இது எதுக்கும்மா என்று கேட்டேன்.

"அதுவும் நான் தச்சதுதானேடி" என்று சொல்லிவிட்டு, ஊசியில் நூல் கோர்க்க என்னிடம் நீட்டினாள்.